இன்னொரு கரண்டி

"இன்னொரு கரண்டி சோறு போடு."

கணவர் தட்டை நீட்டியதும் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சர்க்கரையை உடம்புல வச்சுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது? சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எதையும் தொடாம மாசக்கணக்கா இருந்தீங்களே! நூலா இளைச்சுட்டாருன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். இப்ப என்ன கேடு வந்துச்சு?"

"பசிக்குது."

"பொண்ணு முன்னாடியாவது வாயைக் கட்டக் கூடாதா? அப்பாவைப் பாரு, பாருன்னு சொல்லித்தான் இவளையே ஒரு வழிக்குக் கொண்டுவந்திருக்கேன்!"

மகள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் தையல்காரிக்கு இருப்பே கொள்ளவில்லை. ரவிக்கையின் வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் அதே தப்பு. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கினாள். கணவருக்குச் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த டயட்டீஷியன் அம்மாவிடம் போய் நின்றாள்.

"நீங்களே அவரைக் கண்டிங்க மேடம். தினமும் சோறு. போதாக்குறைக்கு ரெண்டாந்தடவை வேற."

"நான்தான் சாப்பிடச் சொன்னேன்."

"சர்க்கரைக்காரரையா?"

"மாவுச்சத்தை அளவாச் சாப்பிடணும், வகை பார்த்துச் சாப்பிடணும். அடியோட விடச் சொல்லி யாரு சொன்னா? உடம்புங்கிற அடுப்புக்கு அதுதானே விறகு! பயப்படாதீங்க. நான் சொன்ன அளவைத்தான் அவர் ரெண்டு தடவையாக் கேட்டு வாங்குறார்."

"அதை ஒரே தடவையா வாங்கிட்டா என்னவாம்?"

அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா பெத்தவ தெரிஞ்சுக்கணும். போன மாசம் உங்க பொண்ணு பள்ளிக்கூட மைதானத்துல மயங்கி விழுந்துட்டா. அப்பாதான் இங்க கூட்டிட்டு வந்தார். ஓடியாடி வளர்ற பிள்ளை, மாவுச்சத்தே இல்லாமக் காய்ஞ்சு கிடந்திருக்கா. சாப்பிடும்மான்னேன். 'நான் சோத்துல கை வச்சா அம்மா இஞ்ச் டேப்பை எடுத்துட்டு வந்து இடுப்பை அளப்பாங்க'ன்னு ஒரே அழுகை."

தையல்காரி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவிக் கைக்குள் சுருட்டினாள்.

"அதுக்கும்... இவர் ரெண்டு தடவை கேக்குறதுக்கும்..."

"நீங்க அவரைத் திட்டி முடிக்கிறதுக்குள்ளதான் அவ வயிறாரச் சாப்பிடுறாளாம்."