நம்மூர்ப் பேச்சு

"என்னை ஏமாத்த ஒருத்தன் இன்னும் பொறக்கலைங்க, சின்னம்மா. பெருமைக்குச் சொல்லலை. இது ஒரு தகவல்."

ரயில் எத்தனையாவது நடைமேடைக்கு வரும் என்று அறிவிப்பவரின் முகத்தோடு ஹேமந்த் இதைச் சொன்னான். மைசூரில் பி.காம். இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாஸ்டல் சாப்பாட்டை மன்னித்துவிட்டு, மேட்டகள்ளியில் சின்னம்மா வீட்டில் சாப்பிடுவது வழக்கம்.

மகேஸ்வரி அவன் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டுத் தன் போனை நீட்டினாள். கார்மென்ட்ஸில் தைத்துத் தைத்து முதுகு போனதும் வேலையை விட்டவள். அப்போது கைக்கு வந்த பி.எஃப். பணம் வங்கியில் இருந்தது. மகள் தாரணிக்கு நர்சிங் கல்லூரியில் கட்ட வேண்டிய பணம். வேறு பணம் வீட்டில் கிடையாது.

"கட்டறதுக்குள்ள இதுல போட்டா ரெண்டு மடங்காயிரும்ங்கறாங்க கண்ணு. ஷேர் மார்க்கெட்டாமா. இன்ஸ்டாகிராம்ல ஒரு வீடியோ வந்துச்சு. அமுக்குனேன், டெலிகிராம் குரூப்புல கொண்டுபோய் விட்டுருச்சு. இன்னைக்குச் சாயங்காலம் கடைசியாமா. நீ காமர்ஸ் படிக்கறவன், ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

ஹேமந்த் போனைத் தொடக்கூட இல்லை.

"பாக்காமயே சொல்றேன். வீடியோல கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுசன் இதுல போடுங்கங்கறாரு. பேச்சு ஒரு பக்கம் போகுது, வாய் ஒரு பக்கம் போகுது."

"ஆமா! பல்லு வலியாட்ட இருக்குன்னு நெனச்சேன்."

"கம்ப்யூட்டர் செஞ்ச மூஞ்சி. அந்த மனுசனுக்கே தெரியாது. அடுத்தது, குரூப்புல ஒரு மேடம். காலைல குட் மார்னிங், கூட ஒரு ரோஜாப்பூ."

"ரோஜா இல்ல, தாமரை."

"பூ மாறும். 'ரிஸ்க்கே இல்லை'ம்பாங்க. ரிஸ்க் இல்லாத ஷேர் எங்க சிலபஸ்லயே இல்லை. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபியில பதிவு இருக்கான்னு கேட்டா சர்டிபிகேட்னு ஒரு போட்டோ வரும். அதை நம்பக் கூடாது, செபி வெப்சைட்ல நாமளே தேடிப் பாக்கணும். ஆப்பை பிளே ஸ்டோர்ல எடுக்கச் சொல்லாம அவங்களே லிங்க் அனுப்புவாங்க. பணத்தை யாரோ ஊர் பேர் தெரியாத ஆளோட அக்கவுண்டுக்குப் போடச் சொல்வாங்க. மறுநாள் வேற ஆளு, வேற அக்கவுண்டு."

மகேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாமே அவள் போனில் இருந்தன.

"மொதல்ல கொஞ்சம் போட்டா லாபத்தோட திருப்பித் தருவாங்க சின்னம்மா. நெசமாவே தருவாங்க. அங்கதான் ஆளு விழும். அப்புறம் பெருசாப் போடுவோம். ஆப்புல லாபம் ஏறிட்டே இருக்கும். எடுக்கப் போனா, வரி கட்டும்பாங்க. கட்டினா இன்னொரு கட்டணம். அதையும் கட்டினா மேடம் போனே எடுக்க மாட்டாங்க."

"கூடவே இருந்து பாத்தவனாட்டச் சொல்றியே!"

"ரீல்ஸ் பாக்கறேன்ல." அப்பளத்தை நொறுக்கினான். "இத்தனை தெரிஞ்சும் விழறாங்க பாருங்க, அவங்களச் சொல்லணும். விழுந்தப்புறம் சைபர் போலீஸ் நம்பர் 1930க்குப் போனைப் போட்டு, 'சார், எம் பணம் போச்சு சார்'னு ஒரு அழுகை. அந்தப் பக்கம் இருக்கறவரு என்ன செய்வாரு, கண்ணைத் தொடைக்கத் துண்டு அனுப்புவாரா?"

மகேஸ்வரி சிரிக்கவில்லை.

"அப்ப லாபம் வந்துச்சுன்னு தெனமும் போடறாங்களே, அவங்கெல்லாம்?"

"அத்தனையும் அந்தக் கும்பல்தான். ஒரே ஆளு நூறு பேர்ல பேசுவான்."

"மத்தவங்களை நானும் நம்புல கண்ணு. ஹிந்தி, இங்கிலீசு, இல்லாட்டி நியூஸ் வாசிக்கறாப்புல ஒரு தமிழு. ஆனா ஒருத்தன் பேச்சு மட்டும் அச்சு அசல் நம்ம சொந்த ஊரு மார்டள்ளிப் பேச்சு. இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து கடையில, பஸ்ஸுல, கம்பெனியில கன்னடமே பேசிக் கெடந்தவளுக்கு, அதைக் கண்டதும் வீட்டு ஆளு வந்து சொன்னாப்புல ஆயிருச்சு. அவனாலதான் போடலாம்னே முடிவு பண்ணுனேன். கேளு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'நானும் பயந்துட்டேதானுங்க போட்டேன். சத்தியமா லாபம் வந்துச்சுங்க. மேடம் தங்கமானவங்க. நம்மூர்க்காரங்க ஆராச்சும் இருந்தா உட்றாதீங்கொ.' சொந்தப் பேரு போடுல. மைசூர் சிங்கம்னு வெச்சிருக்கான். சிங்கம் கூலிங் கிளாஸ் போட்டிருக்குது."

ஹேமந்தின் கை ரசத்துக்குள் நின்றுவிட்டது.

"இவனும் திருடனா கண்ணு?"

"திருடன்தான். அனுப்பாதீங்க."

"போடா. இந்தப் பேச்சுப் பேசறவன் பொய் சொல்ல மாட்டான். என்ர காதுக்குத் தெரியாதா? நீ சொன்னதெல்லாம் சரியாவே இருக்கட்டும். இவன் ஒருத்தன் நெசம்னா எனக்குப் போதும்." அவள் விரல் வங்கி ஆப்பைத் திறந்து ரகசிய எண்ணைப் போடத் தொடங்கியது.

"சின்னம்மா, வேண்டாம்." எச்சில் கையால் அவள் போனை மறைத்தான். "அவன் நெசம்தான். பொய் சொல்லலை. ஏமாந்துட்டான்."

"உனக்கெப்படிடா தெரியும்?"

ஹேமந்த் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கையைக் கழுவினான். சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து 1930 என்று அழுத்தினான். புகார் கொடுப்பவரின் பெயர் என்ன என்று ஒரு பெண் கன்னடத்தில் கேட்டாள்.

"ஹேமந்த்," என்றான். பிறகு சின்னம்மாவைப் பார்க்காமல், மெதுவாக, "அந்த குரூப்புல மைசூர் சிங்கம்."