மூடி திறந்த சத்தம்

அறுபது மாடுகளோடு வந்த தோணி மூன்று நாட்களாகத் துறைமுகத்துக்கு வெளியே கிடந்தது. துறைமுகத்தில் இருப்பது ஒரே தண்ணீர்ப் படகு. அதுவும் பழுது என்றார்கள். தோணியிலிருந்த தண்ணீர்த் தொட்டி காலையிலேயே வற்றிவிட்டது. மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் சவேரியான் மதியம் தளத்தின் ஓரமாக நின்று, தனக்கு மிஞ்சியிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினான். அத்தனை தலைகளும் திரும்பின. கட்டவிழ்ந்து நின்ற மாடுகள் அவனை நோக்கி நெருங்க, தோணி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கடல்நீர் ஏறி அவன் கால்களை நனைத்தது.

"லே, நடுவுக்கு வா! மெதுவா வால!" தோணியோட்டும் தஸ்நேவிஸ் கத்தினார்.

சவேரியான் மாடுகளின் விலாக்களுக்கு நடுவே நுழைந்து வந்தான். மாடுகளும் கூடவே வந்தன. தோணி நிமிர்ந்தது.

"அங்கனயே நில்லு. அசைஞ்சிராத."

"எவ்ளோ நேரம்ணே?"

தஸ்நேவிஸ் துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். ஒரு கிடாரி சவேரியானின் மணிக்கட்டை நக்கத் தொடங்கியது. பின்னால் நின்றவை முட்டித் தள்ளின.