ராத்திரியில் படுத்துவிடும் பாய்லர்

“போன வாரமும் நீதானே பேசின?”

“ஆமா சார், ஜெம்மாதான். அதுக்கு முந்தின வாரமும் நான்தான்.”

“அப்ப உனக்கே வெட்கமா இருக்கணும்மா. பாதி நேரம் என் பாய்லர் ஓடறதே இல்ல. ஓடாத பாய்லருக்கு ரெட்டிப்பு பில்லா? படுத்த படுக்கையா கிடக்கிறவன் பந்தயத்துல ஜெயிச்சான்னு சொல்ற மாதிரி இருக்கு.”

நெவில் ஆக்ராய்ட் தம் வீட்டு நாற்காலியில் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக உட்கார்ந்து எரிவாயுக் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகராட்சியில் துணைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பாதுகாப்புக் குழுவுக்குத் தாமே முன்மொழிந்து, தாமே வழிமொழிந்து, தலைவரானவர். போன ஆண்டு தேவாலயக் கூடத்தில் எரிவாயுப் பாதுகாப்பு பற்றி அவர் உரையாற்றினார். அதைக் கடைசிவரை விழித்திருந்து கேட்டவர் பக்கத்து வீட்டு டோரீன் சக்டன் ஒருவர்தான்.

வீடு முழுவதையும் சூடாக்கும் அந்த எரிவாயு பாய்லருக்கு வந்திருந்த நோய் விசித்திரமானது. இரவு அவர் படுத்ததும் அதுவும் படுத்துவிடும். விடிந்து வெகுநேரம் கழித்து மெக்கானிக் வந்து மூடியைத் திறந்தால் பச்சைப் பிள்ளைபோலச் சிரிக்கும். “நல்லாத்தானே ஓடுது” என்று சொல்லி, வந்த கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதும் அப்படித்தான், ஒரு மணி நேரம் முன்பு உயிர்த்தெழுந்து சமையலறையில் உறுமிக்கொண்டிருந்தது.

பில்லைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது வேறு. மகள் லின்சி கைக்குழந்தையோடு சனிக்கிழமை வருவதாக இருந்தாள். அவர் இன்னும் முகம்கூடப் பார்க்காத பேத்தி. “ராத்திரியில ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிற வீட்டுக்கு எப்படிப்பா புள்ளையத் தூக்கிட்டு வர்றது? மாமியார் வீட்டுக்கே போறேன்” என்று நேற்றுச் சொல்லிவிட்டாள்.

கதவைத் தட்டாமலே டோரீன் உள்ளே வந்தார், கையில் தட்டோடு.

“தலைவரே, இன்னும் ஃபோன்லதானா? இஞ்சி கேக் சூடா இருக்கு. ஒரு துண்டு தின்னுட்டுத் திட்டுங்க, தெம்பா இருக்கும்.”

நெவில் கேக்கை எடுத்துக்கொண்டார். நன்றியை எடுத்து வைக்கவில்லை. சந்தைக் கடைக்காக நாள் முழுக்க அடுப்பெரிக்கும் பெண்மணி. போதாக்குறைக்கு, வீடு புழுங்குகிறதென்று ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர்.

“உங்களுக்கு பில் எகிறியிருக்குமே?” என்றார், கொஞ்சம் ஆசையோடு.

“எனக்குக் குறைஞ்சிருக்கு, தலைவரே. ஏதோ ராசி.”

நெவில் மீதிக் கேக்கைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“சார்,” என்றாள் ஜெம்மா. “அக்டோபர்லதானே நிலவறையில இருந்த மீட்டரை வெளிய மாத்தினாங்க? ஒரு சின்ன சோதனை. வாசல்ல உங்க வீட்டு நம்பர் ஒட்டின பெட்டியைத் திறந்து, வால்வை மூடுங்க. பாய்லர் நிக்குதான்னு பாருங்க.”

“கேஸை மூடினா பாய்லர் நிக்கும்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவன்மா நான்.”

“எடுத்திருப்பீங்க சார். இப்ப மூடுங்க.”

இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே பொதுச் சுவரில் இரண்டு பெட்டிகள் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல இருந்தன. நெவில் ஃபோனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து, தம் வீட்டு எண் ஒட்டிய பெட்டியைத் திறந்து வால்வைத் திருகினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பாய்லர் உறுமிக்கொண்டே இருந்தது.

அடுப்பைப் பார்க்கப் போன டோரீன் தம் வீட்டிலிருந்து வெளியே வந்தார். “தலைவரே, என் அடுப்பு அணைஞ்சு போச்சு. உள்ள நாளைக்குச் சந்தைக்கான கேக் அத்தனையும் இருக்கு.”

ஜெம்மா பெருமூச்சு விட்டது ஃபோனில் கேட்டது. “பெட்டியில நம்பரை மாத்தி ஒட்டிட்டாங்க சார். அவங்க எரிச்சதுக்கு நீங்க கட்டியிருக்கீங்க. எங்க தப்புதான். ஆள் அனுப்பறேன், கூடக் கட்டினது திரும்பி வரும்.”

நெவிலின் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் திறந்த ஜன்னலெல்லாம் தம்முடைய காசு.

“சொன்னேனா இல்லையா? சரி, பாய்லர் ராத்திரியில நிக்குதே, அதுக்கு என்ன வழி?”

“அது கம்பெனி பொறுப்பு இல்ல சார். நல்ல மெக்கானிக்காப் பாருங்க.” தொடர்பு அறுந்தது.

நிமிர்ந்த நெஞ்சு பழையபடி உள்ளே போயிற்று. வென்றாயிற்று, ஆனால் பேத்தி வரப்போவதில்லை.

டோரீன் நகரவில்லை. தம் வீட்டு எண் ஒட்டிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் தினம் படுக்கப் போறப்ப மூடுற வால்வு… அது உங்க வீட்டுதா?”

“என்னது? அதை எதுக்கு மூடுறீங்க?”

“நல்லா கேட்டீங்க போங்க. கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, பொறுப்புள்ள யாரும் ராத்திரி மீட்டர்ல கேஸை மூடாம தூங்க மாட்டாங்கன்னு? மீட்டர் கைக்கெட்டுற எடத்துக்கு வந்ததுலேருந்து ஒரு நாள்கூட நான் தவறல. காலையில கடைக்குப் போயிட்டு வந்துதான் திறப்பேன்.”

நெவில் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாய்லருக்கு நோயே இல்லை.

“லின்சிக்கு ஃபோன் போடுங்க தலைவரே, சனிக்கிழமை தாராளமா வரட்டும். குழந்தைக்கு என் கம்பளிப் போர்வையும் இருக்கு.”

அவர் அவசர அவசரமாக மகளின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது.

டோரீன் தம் வாசற்படியில் ஏறியவர் சட்டென்று நின்று திரும்பினார்.

“ஆமா, நான் மூடினது உங்க வீட்டு வால்வுன்னா, என் வீட்டுது உங்க பெட்டியிலதானே இருந்துச்சு? என் வீடு ராத்திரி பூரா கதகதன்னுதான் இருந்துச்சு. செங்கல் சுவர் சூட்டைப் பிடிச்சு வச்சுக்குதுன்னுல்ல நினைச்சேன். அப்ப நீங்க ஒரு நாள்கூட மூடினதே இல்லியா, தலைவரே?”

தலைவர் கோட்டுப் பையில் மீதியிருந்த கேக்கை எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டார்.