சாட்சி சொன்னவள்

“கண்ணை நல்லா மூடிக்கோம்மா” என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த இளம் தாய் மூடிக்கொண்டாள். இறுக்கமாக. திறந்தால் சுகம் பறந்துவிடும் என்பதுபோல.

தாயின் மடியில் கைக்குழந்தை. சொறியாமலிருக்க அதன் இரண்டு கைகளிலும் காலுறை மாட்டியிருந்தது. முழங்கை மடிப்பில் தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

மாடியிலிருந்த சபைக் கூடத்தின் பின்னறை. மடக்கு நாற்காலிகள். பழுதான ஸ்பீக்கர். வாசலுக்கு ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் ஆராதனை முடிந்து டீ ஊற்றும் சத்தம்.

கண்ணை மூடச் சொன்னவள் தன் கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள்.

“கர்த்தாவே...” என்று குரலை உயர்த்தினாள். மூடி திருகும் சத்தம் அதில் அமுங்கியது.

விரல் நுனியில் களிம்பு. அதன்மேல், வாசனை தெரியாமலிருக்க, இரண்டு சொட்டு அபிஷேக எண்ணெய். குழந்தையின் முழங்கையில் மெல்லத் தடவினாள்.

அவளுடைய மகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அதே களிம்பு.

ஜெபம் மட்டும் நிஜம்.

போன ஞாயிறு அவள் மேடையேறிச் சாட்சி சொன்னாள். மூன்று வயது மகள் எப்சியைத் தூக்கிக் காட்டினாள். பிறந்ததிலிருந்து கரப்பானில் வெந்த உடம்பு. இப்போது ஒரு கீறல் கிடையாது. பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்ததைச் சொன்னாள். மருந்தைத் தூக்கிப் போடச் சொன்னதையும், போட்டதையும் சொன்னாள்.

மருந்தைப் போட்ட மறுநாளே பிள்ளை ரத்தம் வரச் சொறிந்ததையும், கணவனுக்குத் தெரியாமல் புது டியூப் வாங்கியதையும் சொல்லவில்லை.

பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜெபிக்காமல் ஒருநாளும் அந்த டியூபைத் திறந்ததில்லையே.

சபை எழுந்து நின்று கைதட்டியது. கணவன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இப்போது அவள் கைக்கு வரம் இருக்கிறதாம். திரைக்கு வெளியே பிள்ளைகளோடு வரிசை. ஒழுங்குபடுத்துவது கணவன்தான்.

“தள்ளாதீங்க சிஸ்டர். எல்லாப் பிள்ளைக்கும் ஜெபம் உண்டு.”

இளம் தாய் கண்ணைத் திறந்தாள். “மருந்தயெல்லாம் நேத்தே குப்பையில போட்டுட்டேன்க்கா. உங்கள மாதிரியே.”

அவள் டியூபைக் கைப்பையின் அடியில் தள்ளினாள்.

“தினமும் பிள்ளையக் கூட்டிட்டு வா. நானே ஜெபம் பண்ணுறேன்.”

“தினமுமாக்கா?”

“தினமும்.”

திரை விலகியது. எப்சி ஓடி வந்தாள்.

“அம்மா, நான் கேக்கு தின்னேனே!”

மேலுதட்டில் வெள்ளைக் கிரீம். முகமெல்லாம் சிரிப்பு. மற்ற பிள்ளைகள் தின்பதை வேடிக்கை மட்டுமே பார்த்த பிள்ளை.

கேக்கில் முட்டை.

ஒருமுறை ஆம்லெட் துணுக்கு ஒன்று வாயில் போனதற்கே முகம் வீங்கி, மூச்சடைத்து, ஐ.சி.யூ.வில் கிடந்தவள் எப்சி.

“யாரு குடுத்தா?”

“நான்தான்.” பின்னாலேயே கணவன். “பொன்மலர் சிஸ்டர் மகனுக்குப் பொறந்தநாளு. எதுக்கு இப்படி முழிக்க? தோல மட்டும் சுகமாக்கிட்டு மிச்சத்த விட்டுருவாரா ஆண்டவரு? பாதி வேலையில ஓடிப்போக அவரென்ன நம்ம வீட்டு எலெக்ட்ரீசியனா?”

வெளியே யாரோ சிரித்தார்கள்.

எப்சி கழுத்தைச் சொறிந்தாள். பிறகு காதை.

உதடு தடித்தது. கண்ணிமை தடித்தது. இருமினாள். இருமல் நிற்கவில்லை.

கணவனின் சிரிப்பு போயிற்று. ஆனால் அவன் பதறவில்லை.

அதுதான் அவளை நடுங்க வைத்தது.

பிள்ளையை அவள் முன்னால் நிறுத்தினான். பக்கத்தில் முழங்காலிட்டான்.

“உன் கைய வை” என்றான். “அது போதும்.”

திரையை யாரோ முழுசாக ஒதுக்கினார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைகளை உயர்த்தினார்கள். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். இளம் தாயும் ஒரு கையை உயர்த்தியிருந்தாள்.

எப்சியின் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம்.

அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டாள்.

“வண்டிய எடுங்க.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. இவ தோலும் மருந்துலதான் ஆறுச்சு.” சத்தமாகவே சொன்னாள். “எல்லாரும் கேட்டுக்கோங்க. மருந்துலதான்.”

ஸ்தோத்திரம் பாதியில் அறுந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து அவளையே பார்த்தான். அடிபட்டவன்போல.

“அப்போ... ஜெபம்?”

“அதுவும் பண்ணுனேன். இப்பவும் பண்ணுவேன். போற வழியில.”

வழிவிட்டார்கள். யாரும் அவளைத் தொடவில்லை. மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தாள். தோளில் எப்சியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

பின்னால் முதலில் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு, தடதடவென்று ஓடி வரும் காலடி. சாவிக்கொத்து குலுங்கியது.

அதற்கும் பின்னால், ஒரு கைக்குழந்தையின் அழுகை படிப்படியாக இறங்கி வந்தது.