முளைப் பூட்டு

"உருண்டைப் பூட்டு வேண்டவே வேண்டாம்கா. முளைப் பூட்டுதான் வேணும்" என்று லுபோர் மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

பியர் காய்ச்சும் சாமான் விற்கும் கடைக்காரி ஹெட்விகாவுக்கு இது என்ன கிறுக்கு என்று புரியவில்லை.

பியர் அடைக்கும் எஃகுப் பீப்பாய்களில் கேஸ் குழாயை மாட்ட இரண்டு வகைப் பூட்டு உண்டு. செக் நாட்டு ப்ரெரோவ் ஊரில் வீட்டில் பியர் காய்ச்சுகிற எல்லோரிடமும் இருப்பது உருண்டைப் பூட்டு. முளைப் பூட்டு பழைய வகை, எவனும் சீண்டுவதில்லை. குழாய் நுனியில் இருக்கும் கவ்வி, ஒரு வகைக்கானது மற்றதில் மாட்டாது. தலைகீழாக நின்றாலும் மாட்டாது.

லுபோருக்கு வேண்டியதும் அதுதான்.

தங்கை ஜிட்காவின் கணவன் ஓத்மரும் அவனும் பதினொரு வருடம் ஒரே கொட்டகையில் பியர் காய்ச்சியவர்கள். பீப்பாய்கள் லுபோருடையவை. கேஸ் சிலிண்டரும் குழாய்களும் ஓத்மருடையவை.

போன ஞாயிற்றுக்கிழமை, பியர்க்கடையில் ஊரே உட்கார்ந்திருக்க, "காய்ச்சுறதெல்லாம் நான்தான். நம்ம லுபோர் அண்டா கழுவுவான்" என்றான் ஓத்மர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜிட்காவும் சிரித்தாள். அதுதான் லுபோருக்குத் தாங்கவில்லை.

அவன் கத்தினான், இவன் கத்தினான். மறுநாள் ஓத்மர் சிலிண்டரையும் குழாய்களையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தொட்டியில் நாற்பது லிட்டர் பியர் நொதித்து முடிந்து காத்திருந்தது. ஓத்மர் முதுகுவலி என்று படுத்துவிட்ட வாரத்தில் லுபோர் தன்னந்தனியாகக் காய்ச்சியது. நாலைந்து நாளில் பீப்பாயில் அடைத்து கேஸ் ஏற்றாவிட்டால் சாக்கடைக்குத்தான் போகும். அண்டா கழுவுகிறவனின் கைமணம் எப்படி என்று ஊர் குடித்துப் பார்க்க வேண்டாமா?

ஆனால் இனி செத்தாலும் ஓத்மரின் குழாய் தன் பீப்பாயில் ஏறக் கூடாது.

தன் உருண்டைப் பூட்டுப் பீப்பாய் நாலையும் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் ஹெட்விகாவின் கடைக்கு வந்திருந்தான். அங்கே முளைப் பூட்டுப் பீப்பாய் நாலே நாலு இருந்தது. அதுவும் காலையில்தான் வந்திருந்தது. ஒன்றைத் திறந்தால் பழைய சோடா வாடை குப்பென்று அடித்தது. இன்னொன்றின் மூடி காற்று விட்டது. மூன்றாவது ஒருபக்கம் நசுங்கியிருந்தது. நாலாவதை அவன் திறந்தே பார்க்கவில்லை. ஏற்கெனவே எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

"நல்ல மாடு நாலைக் குடுத்துட்டு நொண்டி மாடு நாலை ஓட்டிட்டுப் போறீங்களே சாமி" என்றாள் ஹெட்விகா.

"அவன் கை படாத மாடு. அது போதும்."

அவன் கொண்டுவந்த உருண்டைப் பூட்டுப் பீப்பாய்கள் நாலும் தரையில் இறங்கிய கையோடு விலைபோயின. பியர் காய்ச்சப் புதிதாகக் கிளம்பிய ஒரு வெளியூர்த் தம்பதி, கிடைத்தது யோகம் என்று வாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பீப்பாயை அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டது லுபோர்தான். விட்டது சனி என்று கையைத் தட்டிக்கொண்டான்.

பிறகு சிலிண்டர் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. குழாய் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கவ்வி நாலு குடுங்கக்கா. முளைப் பூட்டுக்கு."

ஹெட்விகா இழுப்பறையை இழுத்தாள். காலி.

"அடடா, மறந்தே போச்சு. அத யாரு வாங்குவான்னு தூக்கிப் போடத்தான் இருந்தேன். நேத்து ஒருத்தர் வந்து இருந்த ஆறையும் அள்ளிட்டுப் போயிட்டாரு. அவர் குழாயையெல்லாம் இதுக்கு மாத்திட்டாராம். மச்சான் பீப்பாயில இனி ஜென்மத்துக்கும் மாட்டக் கூடாதாம்."

லுபோர் இழுப்பறையைத் தானே முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தான்.

புதிதாகக் கவ்வி வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான். மூன்று வாரம் என்றாள். உருண்டைப் பூட்டுப் பீப்பாய் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அவள் வெளியே காலியாகக் கிடந்த இடத்தைக் கை காட்டினாள்.

"ஆனா ஒண்ணு. இந்த மாதிரிப் பீப்பாய் வந்தா சொல்லுங்கன்னு அவர் நம்பர் குடுத்திருக்காரு. உங்ககிட்ட பீப்பாய், அவர்கிட்ட கவ்வி. நீங்களே பேசிப் பாருங்களேன்" என்று ஒரு சீட்டை நீட்டினாள்.

லுபோர் சீட்டை வாங்கவில்லை. அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். திங்கட்கிழமைதான் அதைத் தன் செல்போனில் தடுத்து வைத்திருந்தான்.

அந்தத் தடையை எடுப்பது எப்படி என்று ஹெட்விகாவிடமே கேட்கவேண்டியதாயிற்று.