டீ டைமில் ரெண்டு நிமிஷம்

“மணி அடிச்சாச்சு, எல்லாரும் மெஷின நிறுத்துங்க. கைய மார்ல குறுக்க கட்டுங்க. எடது தோளு, வலது தோளு... மாத்தி மாத்தித் தட்டுங்க. மெதுவா.”

சூப்பர்வைசர் சைரா சொல்ல, ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைன் மொத்தமும் முனகிக்கொண்டே தட்டியது. ஒரு வாரமாக இதே பேஜார்.

“இன்னாக்கா இது? டீ டைமே பத்து நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷத்த இது முழுங்கிட்டா டீய எப்போ குடிக்கிறது?” ஹேமலதா கேட்டாள்.

“நம்ம ஷூவ வாங்குற பையரோட ஆர்டர். ஜெர்மனிலேர்ந்து மெயில் வந்திருக்கு.”

“அப்போ சாயங்காலம் ரெண்டு நிமிஷம் முன்னாடி விடுங்க. கணக்கு சரியாப்பூடும்.”

“தட்டு ஹேமா. பேச்சு அப்புறம்.”

ஹேமலதா விடுகிற ஆளா? நேராக மேனேஜர் இஷ்தியாக் அகமதுவிடம் போய் நின்றாள்.

“மெயிலா? அப்படி ஒண்ணும் வரலியே” என்றவர், சைராவைக் கூப்பிட்டனுப்பினார்.

“பையர் பேரச் சொல்லி லைன ஏமாத்தினா வேலையே போகும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“எதுக்குச் சொன்னே?”

சைரா ஹேமலதாவை ஒரு தடவை பார்த்தாள்.

“நாளையிலேர்ந்து நீ சூப்பர்வைசர் இல்ல. போய் மெஷின்ல உக்காரு.”

“சரி சார்.”

மறுநாள் டீ டைமில் ஹேமலதா நிதானமாக ஊதி ஊதிக் குடித்தாள்.

“பாத்தீங்களா? நம்ம வாயத் தொறந்தாத்தான் எதுவும் நடக்கும்.”

வெளியே ஒரு லாரி சடக்கென்று பிரேக் போட்டது. பக்கத்து மெஷின் மோகனாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கம்பெனி வேன் கவிழ்ந்தபோது உள்ளே இருந்தவள். பக்கத்து சீட்டுத் தோழி பிழைக்கவில்லை. போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

மோகனாவின் கைகள் மார்பில் குறுக்கே ஏறின. எடது. வலது.

“ஆர்டர்தான் கேன்சலாயிடுச்சே, இன்னும் இன்னாத்துக்குடி?” ஹேமலதா சிரிக்க, லைனும் சிரித்தது.

மோகனா கையை இறக்கிக்கொண்டாள்.

“பயம் வர்றப்போ இப்படித் தட்டிக்கச் சொல்லி வேலூர் டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்கக்கா. வேல செய்ற எடத்துல தட்டினா சிரிப்பாங்க, நான் வரலன்னு சைராக்காகிட்ட அழுதேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கெஞ்சினேன். ‘நீ தைரியமா வா, சிரிக்கிறதுக்கு லைன்ல ஒருத்தியும் இருக்க மாட்டா’ன்னாங்க.”