திரை அணைந்த பிறகு

ஆறு பேர் இரண்டு வருஷம் உழைத்து மைக்ரோகெர்னல் என்ற புதுவகை இயக்க மென்பொருளைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கேமரா, திரை, அழைப்பு எல்லாம் அதில் தனித்தனியாக ஓடும். ஒன்று படுத்தாலும் மற்றது நிற்காது. இன்றைக்கு அதை நிரூபிக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சோதனை அறையிலிருந்து பொறியாளர் அந்தக் கைப்பேசியிலேயே முதலாளியை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கைப்பேசியை மேஜைமேல் வைத்தார்.

“இப்ப கேமராவ நிறுத்துறேன், சார்.”

“நிறுத்துங்க... பேச்சு கேக்குது. அடுத்து?”

“திரை, சார்.”

திரை இருண்டது. முதலாளியின் குரலும் நின்றது.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

பொறியாளர் குனிந்து கைப்பேசியில் காதை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த குழுத் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போச்சு. மொத்தமா படுத்துடுச்சு.”

“இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டேன், மேடம். அந்தாளு காதுல போட்டுக்கிட்டாரா? மண்டைக்குள்ள வெறும் களிமண்ணு.”

“மெதுவா பேசுங்க.”

“எதுக்கு? அதான் லைன் கட் ஆயிடுச்சே.”

அதுவும் சரிதான் என்று தலைவிக்குத் தோன்றியது. “கோட்டு மாட்டத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது அவருக்கு,” என்றார்.

இருண்ட கைப்பேசி மெல்லச் செருமியது.

“தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தேன். வந்து ஒரு நிமிஷம் ஆச்சு,” என்றது முதலாளியின் குரல். “ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாம கேக்குது. உங்க திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துட்டேன். திட்டினதுக்கு நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்து பாருங்க.”